ஒழுகிய டப்பா

அம்பத்தூரில் ஒரு டிபன் டப்பா கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் வத்சலாவின் பைக்குள் ஒருநாள், ஓடுகிற பஸ்ஸில், ரசம் மொத்தமும் கொட்டிவிட்டது. "சீ! டப்பா கம்பெனிக்காரிக்கே இந்தக் கதியா?" என்று அவள் கத்தினாள். அந்த நிமிஷத்தில்தான் அந்த யோசனை பிறந்தது. ஒழுகாத டப்பா!

யோசனைக்கு ஒரே குஷி. வத்சலா வரைந்த படத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பட்டறையில் அதற்கு எவர்சில்வரில் ஒரு உடம்பு தட்டி, மூடியில் ரப்பர் வளையம் மாட்டி, மாதிரி டப்பா என்று பெயரும் வைத்தார்கள்.

"என்னை மாதிரியே ஆயிரக்கணக்கில் வரப்போறாங்க! ஊர்ப் பிள்ளைங்க பையிலெல்லாம் நான்தான்!" என்று மேஜைமேல் ஒரே ஆட்டம். ஒரே ஒரு பயம்தான் அதற்கு. மேஜைக்கு அடியில் ஒரு கூடை இருந்தது. தேறாத மாதிரிகள் அதற்குள்தான் போகும்.

மூலையில் ஒரு இரும்புக் கட்டி காத்திருந்தது. அதை வெட்டித்தான் அச்சு செய்ய வேண்டும். அச்சு எப்படியோ, அப்படியேதான் எல்லா டப்பாவும் வரும்.

மாதிரி டப்பாவில் வத்சலா தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"பாஸாயிடுச்சு! வெட்டுங்க இரும்பை!" என்று காலண்டரிலிருந்து ஒரு குரல். பள்ளிக்கூடம் திறக்கும் தேதி அது. எப்போதும் அதற்கு அவசரம்தான்.

"யாருப்பா அது, என் கழுத்துக்குக் கத்தி தேடறது?" என்றது இரும்பு. "ஒருதடவை வெட்டினா வெட்டினதுதான். ஏம்மா வத்சலா, எந்தப் பிள்ளை டிபனுக்குப் பச்சைத் தண்ணி கொண்டு போகுது? கொதிக்கக் கொதிக்க ரசம் ஊத்தி, நீ வர்ற பஸ்ஸிலயே கொண்டு போய்ப் பாரு."

வத்சலா தலையில் அடித்துக்கொண்டாள். "அட, ஆமால்ல!"

"எல்லாம் பொறாமை!" என்று மாதிரி டப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் பஸ்ஸில் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே மானம் போயிற்று. ஆவி மூடியைத் தூக்க, ரசம் வத்சலாவின் புடவையில் வழிந்தது.

"அக்கா, என்னைக் கூடையில போட்டுடாதேக்கா!" என்று மாதிரி டப்பா ஓவென்று அழுதது.

வத்சலா சிரித்தாள். "போடா அசடு! கடைக்குப் போனப்புறம் இது தெரிஞ்சிருந்தா எத்தனை பிள்ளைங்க அழுதிருக்கும்? இன்னும் எங்கெங்கே ஒழுகுவியோ, எல்லாத்தையும் இங்கேயே ஒழுகிடு, ராசா."

விஷயம் கேட்டு இரும்பு, "கை மட்டும் இருந்தா தட்டியிருப்பேன்!" என்று கூவியது.

பிறகென்ன, மூடியின் பள்ளத்தை ஆழமாக்கினார்கள். மோர் கசிந்தது. வளையத்தைத் தடியாக்கினார்கள். சாம்பார் எட்டிப் பார்த்தது. இரண்டு பக்கமும் கொக்கி வைத்தார்கள். தேதி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. மாதிரிக்கு மட்டும் அழுகை நின்றுவிட்டது. ஒழுகும்போதெல்லாம், "அக்கா, இங்கே பாரு, இன்னொண்ணு!" என்று அதுவே கூப்பிட்டுக் காட்டியது.

ஒருநாள் வத்சலா பஸ்ஸிலேயே பையைத் திறந்து பார்த்துவிட்டுத் துள்ளினாள். உள்ளே ஈரமே இல்லை.

"சீட் கிடைச்சதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றார் கண்டக்டர்.

"ரசம் கொட்டலண்ணே!"

"இப்ப வெட்டு!" என்று பட்டறையில் இரும்பு தானாகவே கழுத்தை நீட்டியது. அச்சு தயாராயிற்று. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் டப்பாக்கள் பளபளவென்று வரிசையாக வந்து விழுந்தன. தேதிக்கு வாயெல்லாம் பல்.

வத்சலாவின் மேஜைமேல் அந்த மாதிரி டப்பா பேனாக்களைச் சுமந்துகொண்டு நின்றது. உடம்பெல்லாம் நசுங்கல், ரசக்கறை. அட்டைப்பெட்டியில் ஏறப்போன புது டப்பா ஒன்று அதை ஏற இறங்கப் பார்த்தது.

"நாங்கல்லாம் ஒரு சொட்டு ஒழுகினதில்ல, தெரியுமா?"

மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "தெரியும்டா தங்கம். உங்க பங்கையும் சேர்த்து நான்தானே ஒழுகினேன்!"