கடலைக்காரி மெட்டுல ஒரு ஈஸ்டர் பூசை

ம் போட்டுக்கிட்டே கேளு. ம் நின்னா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு பாட்டுக்காரர். ஊருன்னா நம்ம பக்கம் இல்ல, கடல் தாண்டி இத்தாலியில, ஐநூறு வருஷத்துக்கு முந்தி. பேரு கஸ்பாரோ. பெரிய கோயில்ல பூசைக்குப் பாட்டு கட்டுறது வேலை. வேலையோட ஒரு வீடு, வீட்டுல பெஞ்சாதி லூச்சியா, நாலு பிள்ளைங்க.

அவங்க பாட்டுல அஞ்சு குரலு. நடுக்குரல்காரங்க ஒரு மெட்டை ஆஆஆன்னு ஜவ்வா இழுப்பாங்க. மத்த நாலும் அதைச் சுத்தி குடுகுடுன்னு ஓடும். அந்த மெட்டு எங்கேருந்து வரும்? தெருவுலேருந்துதான். அதை இழுத்து, சாமி வார்த்தையைப் போட்டுருவாங்க. ம்?

அப்போ ஒரு புது பிஷப் வந்தாரு. பெரிய இடத்துப் பிள்ளையாம். அவரே சொன்னாரு, அதனால ஊரு நம்பிருச்சு. வந்ததும் சட்டம் போட்டாரு: "கோயிலுக்குள்ள தெருப்பாட்டு கூடாது. ஈஸ்டருக்குள்ள நல்லதா ஒரு பூசைப் பாட்டு கட்டு. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு."

கஸ்பாரோவுக்குப் பழக்கம் விடுமா? சாராயக்கடைப் பாட்டை நல்லா இழுத்து நடுவுல ஒளிச்சாரு. பின்னாடி நின்ன வண்டிக்காரங்க டக்கு டக்குன்னு தாளம் போட்டாங்க. அவங்களுக்கா தெரியாது? பிஷப் முகம் மிளகாப்பழமாச்சு.

அப்புறம் ரெண்டாவது பூசை, சொந்த மெட்டு. ரொம்ப சுத்தமான பாட்டு. கொர்ர்ர்... கோயிலே தூங்கிருச்சு. பிஷப்பும்தான். "நான் ஜெபத்துல இருந்தேன், ஆனா பாட்டு சரியில்ல"ன்னாரு.

வீட்டுல லூச்சியா மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டா. கட்டிக்கிட்டே சொன்னா, "சின்ன வயசுல சந்தையில ஒரு கடலைக்காரி கூவுவா, அழகா இருக்கும். அவ வராம இருபத்தஞ்சு வருஷமாச்சு. இப்ப யாருக்கு ஞாபகம்?"ன்னு அந்த மெட்டை முனகிக் காட்டினா. கஸ்பாரோ எழுத உக்காந்துட்டாரு.

ஈஸ்டர் வந்துச்சு. நடுக்குரல் இழுக்குது, நாலு குரலும் ஓடுது. பிஷப் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "இது வானத்துலேருந்து வந்த சங்கீதம்"ன்னாரு.

முன்வரிசையில பட்டு முக்காடு போட்ட ஒரு கிழவி. பிஷப்போட அம்மா. வாயே தொறக்கக் கூடாதுன்னு மகன் சொல்லி வச்சிருந்தாரு. தொறந்துட்டா.

"வானமா? சந்தையில நான் கூவினது ராசா. சூடு கடலே... சூடு கடலே... இதைக் கூவித்தானே உன்னைப் படிக்க வச்சேன்."

கஸ்பாரோ வீடு போச்சுன்னே நினைச்சாரு.

பிஷப் எழுந்தாரு. படியிறங்கி அம்மாகிட்ட வந்தாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு, "இன்னொரு தடவை கூவும்மா."

அவ கூவினா. கஸ்பாரோ கையை அசைச்சாரு. நாலு குரலும் அந்தக் கிழவியைச் சுத்தி குடுகுடுன்னு ஓடுச்சு.

லூச்சியா மூட்டையை அவுத்துட்டா. ஆனா சட்டத்தை மாத்தினாரா அந்த மனுஷன்? இல்லியே. தெருப்பாட்டு கூடாதுங்கிற பலகை வாசல்ல அப்படியே தொங்குச்சு. வருஷாவருஷம் ஈஸ்டருக்கு உள்ள சூடு கடலே, சூடு கடலேதான்.

ஏட்டி, ம் எங்க? நான் என்ன ரெண்டாவது பூசையா பாடினேன், இப்படித் தூங்குற? சரி, கஸ்பாரோ வீடு போய்ச் சேந்தாச்சு. நீயும் போய்ச் சேரு, தூங்கு.