நொச்சிக்குடியார் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கை

நொச்சிக்குடி நாட்டில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொன்னதில்லை. இருந்த பொருள் குறைந்தால்தானே பஞ்சம்? அந்த வருஷம் பஞ்சம் தண்ணீருக்குத்தான் வந்தது. ஆற்றின் மதகு, மேட்டுப் பக்கம் இருந்த மேட்டுக்குன்ற நாட்டார் கையில் இருந்தது.

நொச்சிக்குடியின் தூதர் ஏகம்பம்தான் இதில் அதிகம் தவித்தவர். அவருடைய சொந்த வயல் கதிர் தள்ளும் நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடப்பதுபோல் அதைப் பார்த்துப் பார்த்து உருகிப்போனார். சிங்கண்ணன், பொன்னுரங்கம் என்ற உதவித் தூதர்களைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் கேட்டு மேட்டுக்குன்றத்துக்குக் கிளம்பினார்.

கிளம்பும்போது அரண்மனைப் புலவர் வழி மறித்துச் சொன்னார்: "வியாபாரிகள் செய்துகொள்வது ஒப்பந்தம். அரசர்கள் செய்துகொள்வது உடன்படிக்கை. சண்டை போட்ட அரசர்கள் சண்டையை முடித்துச் செய்துகொள்வது சமாதான உடன்படிக்கை. தலைப்புப் பொருந்தாத ஓலையில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்!" மூவரும் வழியெல்லாம் இதை மனப்பாடம் செய்துகொண்டே போனார்கள்.

மேட்டுக்குன்றத்து மந்திரி தாண்டவராயர் தங்கமான மனிதர். தூதர்கள் வரும் சேதி கேட்டதுமே மதகைத் திறந்துவிட்டார். ஓலையும் தயாராக இருந்தது. "கையெழுத்தைப் போட்டுட்டு வாங்க, இலை போட்டாச்சு" என்றார்.

ஏகம்பம் எழுத்தாணியை எடுத்தார். சிங்கண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, தலைப்பைப் பாருங்க. சமாதான உடன்படிக்கைன்னு இருக்கு. நாம எப்போ சண்டை போட்டோம்?"

"போடலையே!"

"அப்போ இது பொய் ஓலைண்ணே."

"அட, அது ஒரு மரியாதைக்கு எழுதினதுங்க. வேணும்னா மாத்திடுறேன்" என்றார் தாண்டவராயர்.

பொன்னுரங்கம் காதைப் பொத்திக்கொண்டார். "முத்திரை விழுந்த ஓலையை மாத்துறதா? அது பாட்டுக்கு இருக்கட்டும். நாமதான் அதுக்குத் தகுந்தாப்பல நடந்துக்கணும். சின்னதா ஒரு சண்டை போட்டுட்டா ஆச்சு."

"காரணமில்லாம சண்டை போட நாம என்ன காட்டுமிராண்டிங்களா?" என்றார் சிங்கண்ணன்.

மூவரும் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்கள். தண்ணீர் தர மறுத்தால் அது நல்ல காரணம். ஆனால் தண்ணீரோ மதகு வழியே குதித்து ஓடிக்கொண்டிருந்தது.

"அதை மூடிட்டா காரணம் கிடைச்சுடும்!" என்றார் ஏகம்பம். தம்முடைய மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது. ஓடிப்போய்த் தம் கையாலேயே மதகுப் பலகையை இறக்கினார். தண்ணீர் நின்றது. வயல் ஞாபகம் வந்து அவருக்கு ஆத்திரம் பொங்கியது. "அடப் பாவிங்களா, என் பயிரைக் கொல்றீங்களே!" என்று தாண்டவராயர் மேல் பாய்ந்தார்.

தாண்டவராயருக்குத் தலை சுற்றியது. சாம்பார் வேறு ஆறிக்கொண்டிருந்தது. "நாங்க தோத்துட்டோம், ஆளை விடுங்கய்யா" என்று தலைப்பாகையைக் கழற்றி நீட்டினார்.

இனிக் கையெழுத்துதான் பாக்கி. சிங்கண்ணன் ஓலையை உரக்கப் படித்தார்: "இன்று கையெழுத்தாகும் நேரத்தில் மதகு எப்படி இருக்கிறதோ அப்படியே என்றென்றும் இருக்கும். இரு நாட்டாரும் அதைத் தொடமாட்டார்கள்."

"பொறுங்க, பொறுங்க! முதல்ல மதகைத் திறந்துடுறேன்" என்று தாண்டவராயர் பதறி எழுந்தார்.

"இப்பத்தான் சண்டை முடிஞ்சுது. மறுபடி மதகுல கை வைக்கிறீரே, வெட்கமா இல்லை?" என்று பொன்னுரங்கம் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். ஏகம்பம் ஆனந்தக் கண்ணீரோடு கையெழுத்துப் போட்டார்.

ஊர் திரும்பியதும் ஏகம்பம் உதவித் தூதர்களோடு நேரே வயலுக்குப் போனார். வரப்பில் நின்று பயிருக்கு ஓலை முழுவதையும் படித்துக் காட்டினார். பயிர் மொத்தமும் தலை தொங்கிக் கிடந்தது.

"பார்த்தீங்களாடா! நாம ஜெயிச்ச சேதி கேட்டு இதுவும் சரணடைஞ்சுடுச்சு" என்றார் ஏகம்பம். "புது ஓலையை எடு. பயிரோடயும் ஒரு சமாதான உடன்படிக்கை போட்டுடலாம்."

"நாம இதோட இன்னும் சண்டை போடலையே அண்ணே" என்றார் பொன்னுரங்கம்.

ஆசை ஆசையாக வளர்த்த பயிர்தான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! ஏகம்பம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பை ஓங்கியபடி வயலுக்குள் இறங்கினார்.