முதல் கரண்டி

நெல்லிக்கோட்டை சமஸ்தானத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மருந்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. ராஜமாதா உலகம்மை நாச்சியாரின் அறையில் மட்டும் தனிக் கடை வைக்கிற அளவுக்கு லேகியம் இருந்தது. முத்துப் பஸ்பம், தங்கப் பஸ்பம், பெயர் சொல்லவே பயமாயிருக்கும் வேறு சில பஸ்பங்கள். இத்தனையையும் விழுங்கியும் அந்த அம்மாள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார்.

ராஜவைத்தியர் மிருத்யுஞ்சய பண்டிதருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அறுபதைத் தாண்டிய பெண் உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார். அதோடு விட்டாரா? நெய் மந்தம், தயிர் சீதளம், பருப்பு வாயு, எள் சூடு, மீன் கரப்பான் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது வெந்நீரும் பண்டிதரும்தான்.

சித்திரைத் தேர் நெருங்கியது. ராஜமாதா கோயில் வாசல்வரை நடந்து வந்து வடத்தைத் தொட்டுக் கொடுத்தால்தான் அந்த ஊரில் தேர் நகரும். நடக்க முடியாதவர் மலையடிவார மடத்துக்கு ஓய்வாகப் போய்விட வேண்டும். அது வழக்கம். மடத்தை நடத்துகிறவர் பண்டிதரின் மைத்துனர். அது வழக்கம் அல்ல, தற்செயல் என்று பண்டிதர் சொல்லிக்கொண்டார். மகனை விட்டு எங்கே போவது என்று உலகம்மை நாச்சியார் தனியாக உட்கார்ந்து அழுதார்.

மகாராஜா திருமலைக்கொழுந்து தாய்மேல் உயிரையே வைத்திருந்தவர். சபையைக் கூட்டி, தேர் நாளுக்குள் அம்மாவை நடக்க வைப்பவர் யாராவது உண்டா என்று கேட்டார். போன வயது திரும்பாது என்று பண்டிதர் சிரித்தார். சபையில் விகடம் பேசியே காலம் தள்ளிவந்த பிறவிப்பெருமாள் மெல்ல எழுந்தான்.

"மகாராஜா, இன்னைக்கு மத்தியானம் ராஜமாதா என்ன சாப்பிட்டாங்க?"

மகாராஜா யோசிக்கவே இல்லை. "முருங்கைக்கீரை, நெத்திலிக் குழம்பு, கட்டித் தயிர், எள்ளுருண்டை."

"அது நீங்க சாப்பிட்டது."

மகாராஜா விழித்தார். பண்டிதரைப் பார்த்தார். பண்டிதருக்கு ராஜமாதாவின் நாடி தெரியும், நாக்கின் நிறம் தெரியும், பிறந்த நட்சத்திரம்கூடத் தெரியும். சாப்பாடுதான் தெரியவில்லை.

விஷயம் இதுதான். அரண்மனையில் முதல் இலை மகாராஜாவுக்கு. பிறகு விருந்தாளிகள், புலவர்கள், பண்டிதர். கடைசி ஆள் கைகழுவும்வரை ராஜமாதா நின்றுகொண்டே எல்லோரையும் கவனிப்பார். அவர் உட்காரும்போது அடிப்பிடித்த சோறும் ரசத்தின் தெளிவும் இருக்கும். அதிலும் பண்டிதர் விலக்கியதை ஒதுக்கிவிட வேண்டும். வயிறு நிறைந்து எழுந்தவன் எவன் சமையற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான்? இதைச் சபையில் போட்டு உடைத்தால் மகாராஜாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் ராஜமாதாவுக்கு மடம்.

பிறவிப்பெருமாள் தொண்டையைச் செருமினான். "என்கிட்ட ஒரு மருந்து இருக்கு. அரண்மனைச் சமையல்லயே கலந்துடுவேன். பலிக்கலேன்னா ராஜமாதாவோட நானும் மடத்துக்குப் போறேன். ஆனா பத்தியம் ரொம்பக் கடுமை."

"அம்மா எந்தப் பத்தியமும் இருப்பாங்க."

"பத்தியம் அவங்களுக்கு இல்லை மகாராஜா, உங்களுக்கு."

பானையில் எடுக்கும் முதல் கரண்டி ராஜமாதாவின் இலையில் விழ வேண்டும். அவர் நிதானமாக மென்று சாப்பிட்டு, கைகழுவி, நந்தவனத்தைச் சுற்றி வரும்வரை அரண்மனையில் வேறு யாரும் ஒரு பருக்கையைத் தொடக் கூடாது. தொட்டால் மருந்து முறிந்துவிடும். மகாராஜா எச்சில் விழுங்கிக்கொண்டு சம்மதித்தார்.

முதல் நாள் ராஜமாதா இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டார். பிள்ளை பசியோடு நிற்கும்போது தொண்டையில் எப்படி இறங்கும்? பிறவிப்பெருமாள் குனிந்து, மருந்தைப் பாதியில் விட்டால் அது மகனைத்தான் பாதிக்கும் என்று காதோடு சொன்னான். அந்த அம்மாள் சட்டென்று உட்கார்ந்து இலையை வழித்துச் சாப்பிட்டார்.

அரண்மனை தவித்தது. புலவர்கள் முதல்முறையாகப் பசியை அனுபவித்துப் பாடினார்கள். பண்டிதர் உக்கிராண அறையில் வாய் நிறைய வடையோடு பிடிபட்டார். வாயு இருக்கிறதா என்று சோதித்ததாகச் சொன்னார். அன்றுமுதல் உக்கிராணத்துக்குப் பூட்டுப் போட்டார்கள்.

சில நாளில் ராஜமாதா, கீரையில் மண் நறநறக்கிறது என்று சமையற்காரரைத் திட்டினார். குரல் கோட்டை வாசல்வரை கேட்டது. மகாராஜாவின் கண்ணில் நீர் வந்தது. பாதி சந்தோஷம், பாதி பசி. நந்தவனத்தில் ஒரு சுற்று என்பது நாலைந்து சுற்று ஆயிற்று. காத்திருப்பவர்களுக்குத்தான் தலை சுற்றியது.

தேரன்று உலகம்மை நாச்சியார் கோயில்வரை நடந்தார். வடத்தைத் தொட்டதோடு நிற்காமல் பிடித்து இழுக்கவும் செய்தார். வழிநெடுகச் சனம் கண் கலங்கிக் கும்பிட்டது. பின்னால் வந்த பண்டிதருக்கு மூச்சு வாங்கியது.

தேர் நிலைக்கு வந்ததும் விருந்து. ராஜமாதா இலைமுன் உட்கார்ந்திருக்க, மகாராஜா பக்கத்தில் நின்றபடியே அந்த மூலிகையின் பெயரைக் கேட்டார்.

"மூலிகையே கிடையாது மகாராஜா. நீங்க தினம் சாப்பிட்ட அதே கீரை, அதே மீன், அதே தயிர். குழைச்சுக் கொடுக்கிற அனுபானம் மட்டும்தான் புதுசு."

"எதுல குழைச்சே? தேன்லயா, நெய்லயா?"

"அதெல்லாம் பண்டிதர் முறை. நான் உங்க பசியில குழைச்சுக் கொடுத்தேன்."

மகாராஜா அம்மாவின் இலையைப் பார்த்தார். இத்தனை வருஷம் தான் எழுந்துபோன பிறகு அம்மா எதைச் சாப்பிட்டிருப்பாள் என்பது இப்போதுதான் உறைத்தது. பிறகு தன் வெட்கத்தைத் தானே தாங்காமல் சிரித்துவிட்டார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிறவிப்பெருமாளுக்குப் போட்டார். மீதமுள்ள லேகியத்தையெல்லாம் பண்டிதரிடமே கொடுத்து, அவரை மைத்துனர் மடத்துக்கு ஓய்வாக அனுப்பச் சொன்னார். முதல் இலை என்றைக்கும் அம்மாவுக்கே என்றும் உத்தரவு போட்டார்.

போட்டுவிட்டு, மருந்துதான் இல்லையென்று ஆகிவிட்டதே என்ற தைரியத்தில், தன் இலையைப் பார்த்து வேகமாக நடந்தார்.

உலகம்மை நாச்சியார் தலை நிமிர்ந்தார்.

"நில்லுய்யா கொழுந்து. எனக்கு இன்னும் மோர்ச்சோறு பாக்கி இருக்கு."