ஆடு வரப்போகும் இடம்

எல்லா ஊரிலும் மடையர்கள் உண்டு. ஆனால் வெங்கச்சிப்பட்டியில் இருந்த நாலு பேரைப் போல, புத்தகத்தைப் பார்த்துப் பிசகாமல் மடத்தனம் செய்தவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. மற்றவர்கள் அதைத் தோன்றியபடி செய்வார்கள். இவர்கள் பக்க எண்ணோடு செய்தார்கள்.

நாலு பேருக்கும் சுவர் விளம்பரம் எழுதுவதுதான் தொழில். தலைவர் தவசிலிங்கம். வர்ணம் கலக்குவது அவர் மனைவி செண்பகம். உயரத்தில் எழுத ஏணி கேட்காத நெட்டையன் சுடலைமணி. அடிப்பக்கம் எழுதக் குனிய வேண்டாத குட்டையன் அந்தோணி. நாலு பேரில் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவனும் அவன்தான். ஃபிளெக்ஸ் பேனர் வந்த பிறகு ஊர்ச் சுவர்கள் சும்மா நின்றன. இவர்களும் கூடவே நின்றார்கள்.

அப்போதுதான் கால்நடை டாக்டர் ரெங்கநாயகி இவர்களைக் கூப்பிட்டனுப்பினார். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம் வரப்போகிறது. போன வருஷ முகாமுக்குப் பதினோரு ஆடுதான் வந்தது. அதிலும் ஒன்று வழிதவறி வந்தது.

“சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. ஆட்டை வச்சு ஒரு நிமிஷம் ஓடுற மாதிரி ஒரு கார்ட்டூன் படம் பண்ணித் தாங்க. அடுத்த சனிக்கிழமை முகாம். நல்லா அமைஞ்சா இன்னும் பத்துப் படம் உங்களுக்குத்தான்” என்றார் டாக்டர்.

தவசிலிங்கம் உடனே தலையாட்டியதற்குக் காரணம் இருந்தது. செண்பகத்தின் தம்பி கோட்டைச்சாமி பிராய்லர் பண்ணை வைத்திருந்தான். “அத்தான், வேற வேலை எதுவும் தேறலைன்னா பண்ணைக்கு வந்துருங்க. கோழி பிடிக்க ஆள் இல்ல” என்று கறாராகச் சொல்லியிருந்தான். தவசிலிங்கத்துக்குக் கோழியைக் கண்டால் உயிர் போய் உயிர் வரும். சமைத்த கோழியைக்கூட அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

கோவில்பட்டிப் பழைய புத்தகக் கடையில் அட்டை போன புத்தகம் ஒன்று கிடைத்தது. கார்ட்டூன் படத்தில் எதை எங்கே வைத்து வரைய வேண்டும், காட்சியை எப்படி அமைக்க வேண்டும் என்று ஆதியோடந்தமாகச் சொல்லும் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள். அந்தோணி முதல் பாடத்தைப் படித்தான்.

“அருகில் இருப்பது பெரிதாகவும், தூரத்தில் இருப்பது சிறிதாகவும் இருக்கும்.”

“எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு சிறுக்கும்?” என்று கேட்டார் தவசிலிங்கம்.

“அது போடலை அண்ணாச்சி.”

அளந்து பார்த்துவிடுவது என்று முடிவானது. செண்பகத்தின் வெள்ளாட்டையும் அளவு டேப்பையும் சுடலைமணியிடம் கொடுத்துக் கண்மாய்க் கரைக்கு அனுப்பினார்கள். தவசிலிங்கம் இந்தப் பக்கம் நின்று, ஒரு கையில் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் ஆட்டை அளந்தார். மறு கையில் போன்.

“லே சுடலை, ஆடு என் நகத்தளவுக்கு வந்துட்டு. அங்க எவ்வளவு?”

“இங்க அப்படியேதான் இருக்கு அண்ணாச்சி. வாலோட சேத்து மூணே கால் அடி.”

“பொய் சொல்லாதலே. நீயே இப்போ என் பெருவிரல் ஒசரம்தான் இருக்க.”

சுடலைமணி அங்கே தன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டான்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே அண்ணாச்சி. வலிக்கவும் இல்லை” என்றான் கடைசியில். “நீங்கதான் இங்கேருந்து பாக்கச் சுண்டெலி கணக்கா இருக்கீக. ஒடம்பு நல்லாத்தான இருக்கு?”

செண்பகம் புருஷனிடம் ஓடி வந்தாள். அது அவள் குட்டியிலிருந்து புட்டிப்பால் ஊட்டி வளர்த்த ஆடு. “போதும், வரச் சொல்லுங்க! மெதுவா வரச் சொல்லுங்க. ஒரேயடியா வளந்தா தோல் கிழிஞ்சிரும்!” என்று அலறினாள்.

ஆடு பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தது. வீடு வந்து சேர்ந்ததும் செண்பகம் அதைத் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்து, முழுசாக வளர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அழுதாள். ‘ஆடு பத்திரம். அளவு முடிவாகவில்லை’ என்று அந்தோணி நோட்டில் எழுதினான்.

திங்கட்கிழமை இரண்டாம் பாடம். “அடிவானக் கோடு எப்போதும் பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்கும்.”

கரிசல் காட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். சுடலைமணிக்கு அவன் கண் மட்டத்தில் அடிவானம் இருந்தது. அந்தோணிக்கும் அவன் கண் மட்டத்திலேயே இருந்தது. இது எப்படி என்று குழம்பிய சுடலைமணி வரப்பில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அலறி எழுந்தான்.

“அண்ணாச்சி, நான் உக்காந்தா வானமும் கூடவே எறங்குது!”

இது விளையாட்டுக் காரியம் இல்லை என்று தவசிலிங்கத்துக்குப் பட்டது. “ஊரே மிளகாய் வத்தல் காயப் போட்டிருக்கு. நீ பாட்டுக்கு உக்காந்து, அடிவானம் எறங்கி, பொழுது ஏறுமாறா விழுந்தா யாரு பதில் சொல்லுறது?”

“படுத்தா என்ன ஆகும் அண்ணாச்சி?” என்றான் அந்தோணி.

“வாயைக் கழுவு!”

ஊர் நன்மையை உத்தேசித்து, சாயங்காலம் வத்தலை அள்ளும்வரை சுடலைமணி நின்றுகொண்டே இருந்தான். மத்தியானச் சோற்றையும் நின்றபடியே சாப்பிட்டான். அந்த வருஷம் வெங்கச்சிப்பட்டி வத்தல் நன்றாகக் காய்ந்தது உண்மை.

மூன்றாம் பாடம்தான் அவர்களை அலைக்கழித்தது. நேரான சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒரே புள்ளியில் சேர்ந்து மறையும் என்றது புத்தகம். அந்தோணி எட்டிப் பார்த்தான். எட்டயபுரம் சாலை அப்படித்தான் சேர்ந்திருந்தது.

“ஒரு சைக்கிள் போக எடமில்லையே அண்ணாச்சி. பஸ் எப்படிப் போகுது?”

பதைபதைத்துப் போய், அந்த வழியாக வந்த பஸ்ஸை மறித்தார்கள். டிரைவர் நல்ல மனுஷன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நானும் முப்பது வருஷமா பாக்கேன். நான் போகப் போக அது தள்ளித் தள்ளிப் போயிருது” என்றார்.

“பஸ் சத்தத்துக்குப் பயப்படுது” என்றார் தவசிலிங்கம். “சத்தம் காட்டாம நடந்து போனாத்தான் பிடிக்க முடியும்.”

நாலு பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்தார்கள். செவ்வாயும் புதனும் நடந்தார்கள். எட்டயபுரமே வந்துவிட்டது, புள்ளி வரவில்லை. களைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தால், அது அவர்களுக்குப் பின்னால், ஊர்ப்பக்கம், தெளிவாக நின்றது.

“நம்மளைத் தாண்டிப் போயிருக்கு. ஒருத்தரும் பாக்கலையே!” என்று தவசிலிங்கம் மனம் உடைந்து சொன்னார். அதே பஸ்ஸில் ஏறி வீடு வந்தார்கள்.

வியாழக்கிழமை விடிந்தது. ஒரு கோடுகூட வரையவில்லை. கோட்டைச்சாமி வந்து, “அத்தான், படம் தேறலைன்னா திங்கக்கிழமை கோழி பிடிக்க வரணும், பழைய சட்டை எடுத்து வச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். தவசிலிங்கம் குடித்துக்கொண்டிருந்த காபியைத் தள்ளி வைத்தார். அந்தோணி அவசர அவசரமாக நாலாம் பாடத்தைப் படித்தான்.

“கதாபாத்திரம் வருவதற்கு முன், அது வரப்போகும் இடத்தைக் காலியாகக் காட்டவும். இடம் பார்ப்பவர் மனதில் பதியட்டும். கதாபாத்திரம் போன பின்பும் அந்த இடத்தைச் சற்றுக் காலியாக விட்டுவைக்கவும்.”

“எவ்வளவு நேரம்?”

“பதியிற வரைக்கும்.”

“நம்ம ஊர்க்காரங்களுக்கு எதுவும் லேசுல பதியாது” என்றாள் செண்பகம். “அரை நிமிஷமாவது வேணும்.”

“சரி, ஆடு வாரதுக்கு முன்னால அரை நிமிஷம். போன பெறகு?”

“அதுக்கும் அரை நிமிஷம் குடுக்கணும் அண்ணாச்சி” என்றான் சுடலைமணி. “இருக்கும்போது ஒரு மரியாதை, போன பெறகு ஒரு மரியாதைன்னு இருக்கக் கூடாது.”

“அப்போ ஆடு?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. ஆட்டை எந்த அளவில் வரைவது என்ற தகராறும் இதோடு தீர்ந்தது.

ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம் வேண்டும் என்றது புத்தகம். ஒரு நிமிஷத்துக்கு எழுநூற்றிருபது. ஆளுக்கு நூற்றெண்பது ஆட்டுக்கொட்டகை என்று பிரித்துக்கொண்டு, இரண்டு நாள் தலைநிமிராமல் வரைந்தார்கள். ஒரே படத்தை எழுநூற்றிருபது தடவை காட்டினால் போதுமே என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன்! ஒவ்வொன்றையும் போனில் படம்பிடித்துக் கோத்தார்கள்.

சனிக்கிழமை காலை சமுதாயக்கூடத்தில் டீயும் பன்னும் கொடுப்பதாகச் சொன்னதால் ஊரே வந்திருந்தது. படம் ஓடத் தொடங்கியது. ஒரு கொட்டகை. ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஒன்றும் இல்லை. நாலு கை வரைந்த கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டாததால் கொட்டகை நடுநடுங்கியது, கயிறு துடித்தது. பின்னணியில் ஒரு சத்தமும் கிடையாது. டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். தவசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் கோழிகளாகத் தெரிந்தன.

“ஆடு எங்கப்பா?” என்றார் முன்வரிசையில் மேலத்தெரு சங்கையா.

கொட்டகை நடுங்கிக்கொண்டே இருந்தது.

“ஏ, செத்துப்போச்சு! ஊசி போடலைல்லா, அதான் காட்டுறாக!” என்று சங்கையா எழுந்தார். “அது என் கொட்டகை மாதிரியே இருக்குடா!”

அவ்வளவுதான். பன்னை அப்படியே போட்டுவிட்டுக் கூட்டம் தெருவில் ஓடியது. அரைமணி நேரத்தில் முகாம் வாசலில் நானூற்று அறுபத்து மூன்று ஆடு. கோட்டைச்சாமி எல்லோருக்கும் முந்தி இரண்டு கிடாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். “அத்தான், நீங்க பண்ணைப் பக்கமே வராதீங்க. உங்க படத்தைப் பாத்தா கோழி தீனி எடுக்காது” என்றான். தவசிலிங்கம் அவனைக் கட்டிப்பிடித்துக் கொண்டார். அவ்வளவு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை என்று செண்பகமே சொன்னாள்.

சாயங்காலம் கடைசி ஊசியைப் போட்டுவிட்டு டாக்டர் வந்தார். “ஆட்டையே காட்டாம பயத்தைக் காட்டிட்டீங்களே! இந்த மாதிரி யோசிக்க எனக்கு வராது. அடுத்தது மாட்டுக்குக் கோமாரி நோய். அதே மாதிரி மாடே இல்லாம ஒரு படம் பண்ணித் தாங்க. அடுத்த சனிக்கிழமைக்குள்ள முடிச்சிருவீங்கல்ல?”

நாலு பேரும் ஒரு ஓரமாகப் போய் நெடுநேரம் கூடிப் பேசினார்கள். சுடலைமணி இரண்டு கையையும் விரித்து எதையோ அளந்து காட்டினான். அந்தோணி நோட்டில் கணக்குப் போட்டான். தவசிலிங்கம் திரும்பி வந்து கைகட்டி நின்றார்.

“ஒரு வாரம் பத்தாது டாக்டரம்மா. ஆடு சின்னது, அது இல்லாம இருக்கதை ரெண்டே நாள்ல வரைஞ்சிட்டோம். மாடு எம்புட்டுப் பெரிசு! அம்புட்டும் இல்லாம வரைய ஒரு மாசமாவது குடுங்க.”