ஜன்னல் கம்பியும் ரெட்டைச் சடையும்

இசக்கியம்மாளை அவள் அம்மா மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பயிற்சி மையத்துக்குக் கடைசியாகக் கூட்டிவந்து மூன்று வாரமாகிவிட்டது. முபாரக்குக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோரு வயதில் இப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தாள் அந்தப் பெண். பயிற்சி விட்டுப்போனால் கால் இறுகிவிடும். அப்புறம் நிற்கவே முடியாமல் போகலாம்.

அவன் இயன்முறை மருத்துவத்தில் மேல்படிப்பு மாணவன். பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, உணவியல், சமூகப்பணி என்று இன்னும் நான்கு பேர் அவனோடு டாக்டர் ரெஜினாவிடம் பயின்றார்கள்.

"அந்தம்மாவுக்கு அக்கறையே கெடையாது மேடம்."

"வீட்டுல செய்யச் சொல்லி என்ன எழுதிக் கொடுத்த?"

"காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி. அவ்வளவுதான்."

ரெஜினா மற்ற நால்வரையும் கேட்டார். அவர்களும் அதே 'அவ்வளவுதான்' பேர்வழிகள். மொத்தம் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்.

"நாளைக்குக் காலைல அவங்க வீட்டுக்குப் போ. தாள் எதுவும் கொண்டுபோகாத. எதையும் சொல்லிக் கொடுக்காத."

வாசலில் அவனைக் கண்டதும் இசக்கியின் அம்மா பேச்சியம்மாளுக்கு முகம் வாடிவிட்டது. இட்லி மாவு வாங்க நான்கு பேர் தூக்குவாளியோடு நின்றார்கள். உள்ளே சுவரில் அவர்கள் எழுதிக் கொடுத்த ஐந்து தாள்களும் வரிசையாக ஒட்டியிருந்தன.

"ஏச வந்தீயளா சார்? பாதிகூட செய்ய முடியல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க வாரது?"

முபாரக்குக்கு வெட்கமாகப் போயிற்று. சுவரோரமாக உட்கார்ந்தான்.

மாவு விற்று முடிந்ததும் பேச்சியம்மாள் மகளை ஜன்னல் கம்பியைப் பிடிக்கவைத்து நிறுத்தினாள். சீப்பை எடுத்தாள். தலை முழுக்கச் சிக்கு. இசக்கியம்மாள் முட்டி மடங்காமல் நின்றாள். தெருவில் போனதைப் பார்த்து, "பஸ்ஸு" என்றாள்.

"என்ன பஸ்ஸு?"

"பச்ச பஸ்ஸு!"

"தெனமும் இப்படித்தான் நிப்பாளாம்மா?"

"ரெண்டு சடையும் போட்டு முடிக்கிற வரைக்கும் நிப்பா. தெனமும் சடை போடணும்லா சார்?"

அவன் குனிந்து அவள் காலை மடக்கி நீட்டிப் பார்த்தான். இறுகவே இல்லை. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மையத்துக்குத் திரும்பி, சடை பின்னும் நேரத்திலேயே நிற்கும் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் நடந்துவிடுவதை எல்லாரிடமும் சொன்னான்.

"அந்த அஞ்சு தாளையும் கிழிச்சிரலாம் மேடம். புதுசா என்ன எழுதிக் கொடுக்கட்டும்?"

ரெஜினா கைப்பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எழுதுறது இருக்கட்டும். அஞ்சு பேரும் அந்தம்மாகிட்டப் போய் முதல்ல சடை பின்னக் கத்துக்கிட்டு வாங்க."