அந்தப்புரக் கதவுக்கு ஒரு மணி

இப்போதெல்லாம் கணினி நிறுவனங்களில் இதற்கென்றே ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள். மென்பொருள் செய்யத் தொடங்கும் முன், வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வருவது அவர் வேலை. அதற்குப் படிப்பு இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, சுவரில் மாட்டச் சான்றிதழும் இருக்கிறது. சிங்கமுத்து மகாராஜா காலத்தில் சான்றிதழ் கிடையாது. தப்பாகச் செய்தால் கட்டைவிரல் போகும், அவ்வளவுதான். அந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

சிங்கமுத்து ராஜாவின் சபையில் ஒரு சட்டம் இருந்தது. ராஜாவை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அவர் எதைச் சொன்னாலும் "உத்தரவு" என்று குனிய வேண்டும். ஒருநாள் அவர் தலைமைத் தச்சர் ஆதிமூலத்தைக் கூப்பிட்டு, "நடப்பதெல்லாம் எனக்கு உடனுக்குடன் தெரிய வேண்டும். அதற்கு ஓர் ஏற்பாடு செய்" என்றார். எது நடப்பது, எங்கே நடப்பது என்று ஆதிமூலத்துக்குப் புரியவில்லை. கேட்கவும் முடியாது. பாவம், "உத்தரவு" என்று குனிந்துவிட்டார்.

கேள்வி கேட்கத்தான் எல்லாருக்கும் பயம். யோசனை சொல்ல யாருக்கும் பயமில்லை. எல்லை வரைக்கும் முரசுக் கோபுரங்கள் வேண்டும் என்றார் தளபதி. தளபதியின் கோபுரத்தைவிட ஒரு முழமாவது உயரமாகத் தனக்கொன்று வேண்டும் என்றார் மந்திரி. புரோகிதர் தன் பங்குக்குச் சங்கையும் சேர்க்கச் சொன்னார். ஆதிமூலம் எல்லாவற்றையும் கட்டி முடித்தார். திறப்பு விழாவன்று காலையில் தொடங்கிய முரசு ஓயவே இல்லை. கீழூரில் ஆடு காணாமல் போனது, முரசு. ஆடு கிடைத்துவிட்டது, மறுபடியும் முரசு.

மறுநாள் ராஜா சிவந்த கண்களோடு சபைக்கு வந்தார். "ஊரெல்லாம் முழங்குகிறது. எனக்கு வேண்டியது மட்டும் வரவில்லை. இவன் கட்டைவிரலை வெட்டுங்கள்" என்றார்.

கட்டைவிரல் இல்லாத தச்சன் உளியை எப்படிப் பிடிப்பான்? ஆதிமூலம் அழுதேவிட்டார். கோபுரம் கேட்டவர்களெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்காடன் மட்டும் எழுந்தான். வாய்த்துடுக்குக்காகவே அந்தச் சபையில் சம்பளம் வாங்கியவன் அவன். ஆதிமூலத்தோடு சேர்ந்து வேலையை முடித்துத் தருவதாகவும், தவறினால் தன் விரலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். ராஜாவுக்கு ஒரு விரல் லாபம். சரி என்றார்.

வெண்காடனுக்கு ராஜாவின் ஒரு பழக்கம் தெரியும். யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால் அவரால் திருத்தாமல் இருக்க முடியாது. வைத்தியருக்கே நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர். அந்த வைத்தியர் இனிப்பைத் தொடக் கூடாது என்றபோது மட்டும் ராஜாவின் திருத்தம் செல்லவில்லை, ஏனென்றால் மகாராணி கோமளவல்லியார் வைத்தியர் பக்கம். சட்டத்தில் கேள்விக்குத்தான் தடை. தப்பாகப் பேசத் தடை இல்லை.

"மகாராஜாவுக்கு வடக்கு எல்லைச் செய்திதான் வேண்டும்" என்று தொடங்கினான் வெண்காடன்.

"மடையா, எல்லையைத் தளபதி பார்த்துக்கொள்வார்."

"அப்படியானால் கோட்டை வாசல் செய்தி."

"அவ்வளவு தூரத்துச் செய்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

வெண்காடன் மெல்ல மெல்லக் கிட்டத்தில் வந்தான். அரண்மனை முற்றம் என்றான். அதுவும் இல்லை. சமையலறை என்றான். சமையலறையிலிருந்து எனக்கு என்ன ஆபத்து வரும் என்று சீறிய ராஜா, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு சபையைக் கலையச் சொன்னார்.

ஆளெல்லாம் போனபின் வெண்காடன் குரலைத் தாழ்த்தினான். "மகாராணியார் அந்தப்புரத்திலிருந்து கிளம்பும்போதே, ஆலோசனை அறையில் இருக்கும் மகாராஜாவுக்குத் தெரிய வேண்டும்."

அதை மட்டும் ராஜா திருத்தவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

கோபுரம், முரசு, சங்கு அத்தனையும் இந்த ஒரு கதவுக்காகத்தான். சபையில் வைத்து இதை எந்த ராஜா சொல்வார்? ஆதிமூலம் அந்தப்புரக் கதவில் ஒரு நூலைக் கட்டி, அதன் மறுமுனையை ஆலோசனை அறையில் ராஜாவின் ஆசனத்தருகே ஒரு சின்ன வெண்கல மணியில் முடிந்தார். கதவு திறந்தால் மணி அடிக்கும். கதவை அளக்கப் போன இடத்தில் வெண்காடன் மகாராணியாரிடமும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தான். மணி முதல் தடவை அடித்தபோது ராஜா குழந்தைபோலக் கை தட்டினார். இருவர் விரலும் தப்பியது.

அந்த நிம்மதி சில நாள்தான். ராஜா இருவரையும் ஆலோசனை அறைக்கு வரவழைத்துக் கதவைச் சாத்தினார். முகம் கடுகடுவென்று இருந்தது. ஆதிமூலம் கட்டைவிரலை மடக்கி இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டார்.

"மணி நன்றாகத்தான் அடிக்கிறது. ஆனால் நான் இதைத் திறக்கும்போதெல்லாம் அடிக்கிறது" என்று ராஜா ஆசனத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஜாடியைக் காட்டினார். உள்ளே அதிரசம். மூடியைத் தூக்கினார். ஒன்றைக் கையில் எடுத்ததுமே மணி அடித்தது.

"மணியில் பழுது இல்லை, மகாராஜா. மகாராணியார் கிளம்பிவிட்டார்" என்றான் வெண்காடன். "ஜாடி மூடியிலிருந்தும் ஒரு நூல் போகிறது. அதன் மணி அந்தப்புரத்தில் இருக்கிறது."

"அந்த மணியை யார் கேட்டது?"

"மகாராணியார். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். சொன்னார்."

"அவளிடம் போய் நீ ஏன் கேட்டாய்?"

"தங்களிடம்தானே கேட்கக் கூடாது, மகாராஜா."

விரலை வெட்டச் சொல்ல ராஜா வாயைத் திறந்தார். அதற்குள் கதவு திறந்தது. கோமளவல்லியார் நின்றுகொண்டிருந்தார். இப்போது தண்டனை என்று சொன்னால் குற்றம் என்ன என்றும் சொல்ல வேண்டிவரும். ராஜா மகாராணியைப் பார்த்தார், கையிலிருந்த அதிரசத்தைப் பார்த்தார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜாடியை அப்படியே தூக்கி இருவருக்கும் பரிசாகக் கொடுத்தார். கேள்வி கேட்கக் கூடாது என்ற சட்டத்தையும் அந்த இடத்திலேயே ரத்து செய்தார்.

சட்டம் போனதும் முதல் கேள்வியை மகாராணியார்தான் கேட்டார்.

"இன்னும் எத்தனை ஜாடி இருக்கிறது?"