புலியின் முதுகுக்குப் பின்னால்

கடும் கோடை. காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. அங்கே தண்ணீர் குடிக்க வந்த புலி, திரும்பிப் போகாமல் கரையிலேயே படுத்துக்கொண்டது. அதன் முதுகுக்குப் பின்னால் நாணல் புதருக்குள் ஒரு மான்குட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு பதுங்கிக் கிடந்தது!

எதிர்க்கரைப் பாறைமேல் நின்ற தாய்மான் மெல்லிய குரலில் புலம்பியது. "காத்து திரும்பினா புலிக்கு மோப்பம் கிடைச்சிடுமே! என் பிள்ளை போயிடுமே!"

மரக்கிளையில் இருந்த கரிச்சான் குருவி கீழே பறந்து வந்தது. "அழாதே அக்கா! இந்தப் பாறையில ஒரு நாடகம் போடுவோம். புலி நம்மளையே பார்க்கணும். அது சிரிக்கிற சத்தத்துல குட்டி நழுவிடணும். கதாநாயகி நீதான்!"

"நானா? இந்த நிலைமையிலயா?"

"வேற வழியில்ல!"

கரிச்சான் பறந்து போய் அழைத்து வந்த மயில் கதாநாயகன் ஆனது. காட்டுப்பன்றி வில்லன். குரங்கு நாயகனின் நண்பன். ஒரு குட்டியின் உயிர் ஊசலாடும் நேரத்திலும் அந்த மூன்றுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சண்டை இருந்தாத்தான் எடுபடும்!" என்றது பன்றி.

"காதல் பாட்டு இல்லாத நாடகத்தை எவன் பார்ப்பான்?" என்றது மயில்.

"ரெண்டு பேரும் ஓரமாப் போங்க. கூட்டம் வர்றதே என் காமெடிக்குத்தான்!" என்றது குரங்கு.

நாடகம் தொடங்கியது. முதலில் குதித்தது பன்றி. பாறையோரத்து மண்ணைக் கிளறியது, மரத்தை முட்டியது, உறுமித் தள்ளியது. "போதும், போதும்!" என்று கரிச்சான் கத்தியும் நிறுத்தவில்லை. சண்டையைப் பார்க்கப் பார்க்கப் புலிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அது எழுந்தே நின்றுவிட்டது!

"மயிலே, பாட்டு! சீக்கிரம்!" என்று விரட்டியது கரிச்சான்.

மயில் மானைச் சுற்றிச் சுற்றி ஆடிப் பாடியது. மயிலின் குரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, ஆட்டம் அருமை. புலி சாந்தமாகி மறுபடி படுத்தது. ஆனால் மயில் தன் உருவத்தைத் தண்ணீரில் பார்த்துவிட்டது. அப்புறம் காதலியாவது ஒன்றாவது! தன்னையே பார்த்துப் பார்த்து ஆடியது. புலி பெரிதாகக் கொட்டாவி விட்டது.

உடனே குரங்கு ஓடிவந்து வழுக்கி விழுந்தது. புலி வாய்விட்டுச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் குட்டி கொஞ்ச தூரம் நகர்ந்தது. தாய்மானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குரங்குக்கோ தலைகால் புரியவில்லை. மறுபடியும் விழுந்தது. எழுந்து, அதே மாதிரி இன்னொரு முறை விழுந்தது. இந்தத் தடவை புலி சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்கும் என்று நம்பிக் குட்டி காலை எடுத்து வைத்துவிட்டது. நாணல் சரசரத்தது!

புலியின் காது விடைத்தது. தலை மெல்லப் பின்னால் திரும்பியது.

"ஐயோ! காப்பாத்துங்க!" என்று தாய்மான் அலறியது.

அது நடிப்பில்லை. பெற்ற வயிறு பதறிப் போட்ட கூச்சல். புலி சட்டென்று பாறைப் பக்கம் பார்த்தது. "அடடா, என்னமா நடிக்குது!"

அந்த அலறலில்தான் மூன்றுக்கும் புத்தி வந்தது. பன்றி மானை நோக்கிப் பாய்ந்தது. மயில் குறுக்கே வந்து தோகையை விரித்து மானை மறைத்தது. பாய்ந்து வந்த பன்றியின் மூக்கு தோகைக்குள் புகுந்தது. "அச்ச்ச்சூ!" அந்தத் தும்மலில் மயில் தடுமாறி மானின் தோளில் சாய்ந்தது. குரங்கு இப்போது விழவும் இல்லை, பல்லை இளிக்கவும் இல்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, மூக்கைத் துடைக்கச் சொல்லி வில்லனிடம் ஓர் இலையை நீட்டியது.

அவ்வளவுதான்! புலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டது. கண்ணில் நீர் வழிய, காடே அதிரும்படி சிரித்தது. குட்டி நாணலைப் பிளந்துகொண்டு ஒரே ஓட்டமாகக் காட்டுக்குள் மறைந்தது.

அடுத்த நொடியே தாய்மான் பாறையை விட்டு இறங்கிக் குட்டி போன திசையில் ஓடியது. மற்ற மூன்றும் நாலா பக்கமும் சிதறின.

"டேய்! முடிவைக் காட்டாம எங்கே போறீங்க?" என்று கத்தியது புலி.

"முடிவு உங்க முதுகுக்குப் பின்னால நடந்து முடிஞ்சிருச்சு ராஜா!" என்று சொல்லிவிட்டுக் கரிச்சானும் சிறகை விரித்தது.

தன் திறமையை மட்டுமே காட்டத் துடிப்பவர்கள் கூடிச் செய்யும் காரியத்தைக் கெடுப்பார்கள். அளவோடு நிறுத்தி அடுத்தவருக்கும் இடம் விடத் தெரிந்தவர்களே அதைக் கரை சேர்ப்பார்கள்.